இனிட் ஸ்கிரிப்டிலிருந்து சிஸ்டம்டிக்கு: சேலத்துக் கேள்விகளும் என் பதில்களும்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) தொடங்கி நடத்தும் வேலையில் இனிட் ஸ்கிரிப்ட் என்ற பழைய முறையை விட்டு 2015-லேயே சிஸ்டம்டி (systemd) என்ற புரோகிராமுக்கு மாறிவிட்டது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் மூலையில் கிடக்கும் பழைய சர்வர்களுக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. இனிட் ஸ்கிரிப்டை மாற்றப்போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் கேட்டவை இவை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலிருந்து: அண்ணா, எடை மெஷின் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்டை யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் கொடுத்தேன். ஸ்டார்ட் ஆன மறுநொடியே நின்றுவிடுகிறது. எரரும் இல்லை.

தம்பி, ஸ்கிரிப்டின் கடைசி வரியைப் பாருங்கள். முன்னால் நோஹப் கட்டளை, பின்னால் & குறி. புரோகிராமைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு ஸ்கிரிப்ட் முடிந்துபோகிறது. யூனிட் ஃபைலில் டைப் (சர்வீஸின் வகை) எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி அதை சிம்பிள் என்று எடுத்துக்கொள்ளும். தான் தொடங்கிய ப்ராசஸ் முடிந்தால் சர்வீஸே முடிந்தது என்று கணக்கு. அப்புறம் அதே சிகுரூப்பில் (ஒரு சர்வீஸின் ப்ராசஸ்களைச் சேர்த்து வைக்கும் குழு) மிச்சமிருப்பதையும் கொன்றுவிடும். நோஹப் காப்பாற்றாது, அது தடுப்பது டெர்மினலை மூடும்போது வரும் ஹேங்கப் சிக்னலை மட்டும்தான், இங்கே வருவதோ 'முடித்துக்கொள்' என்னும் டெர்ம் சிக்னல். எரர் இல்லாததும் இதனால்தான்: ஸ்கிரிப்ட் ஒழுங்காகத்தானே முடிந்தது!

ஸ்கிரிப்டையே தூக்கிப்போடுங்கள். புரோகிராமின் முழுப் பாதையை நேராக எக்ஸெக்ஸ்டார்ட்டில் எழுதுங்கள், முன்னணியிலேயே ஓடட்டும். தானாகவே பின்னணிக்குப் போகும் புரோகிராமுக்கு மட்டும்தான் டைப் ஃபோர்க்கிங்.

ஏற்காடு, காபி எஸ்டேட்: மழை அளவை அனுப்பும் சர்வீஸ், கரண்ட் போய் வந்தால் ஃபெயில் ஆகிக் கிடக்கிறது சார். ரீஸ்டார்ட் ஆல்வேஸ் (நின்றால் எப்போதும் மறுபடி தொடங்கு) போட்டும் பலனில்லை.

மலையில் மோடம் டவரைப் பிடிக்கவே இரண்டு நிமிடம் ஆகும். சிஸ்டம்டியோ 100 மில்லிசெகண்டில் மறுபடி தூக்கிவிடும். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைகழுவிவிடும். ரீஸ்டார்ட்செக் 30 என்று போடுங்கள், ஒவ்வொரு முறையும் 30 நொடி காத்திருந்து தொடங்கும். ஆஃப்டர் (இதற்குப் பின் தொடங்கு), வான்ட்ஸ் (இதையும் தொடங்கு) இரண்டு வரிகளிலும் நெட்வொர்க் தயார் என்று சொல்லும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டைச் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். கார்டுக்கு ஐபி கிடைத்தாலே அதற்குத் திருப்தி, இன்டர்நெட் வந்ததா என்று பார்க்காது.

அம்மாபேட்டை: கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓடமாட்டேன் என்கிறது.

நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது உங்கள் அமைப்புகளை ஏற்றும் பேஷ்ஆர்சி ஃபைலை சிஸ்டம்டி படிக்காது. வேண்டிய வேரியபிள்களைத் தனி ஃபைலில் எழுதி என்விரான்மென்ட்ஃபைல் வரியில் காட்டுங்கள். அதில் எக்ஸ்போர்ட் என்ற சொல் வேண்டாம்.

அதே ஊர், இன்னொருவர்: யூனிட் ஃபைலைத் திருத்தினேன், மாறவே இல்லை.

யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்கச் சொல்லும் டீமன்-ரீலோட் கட்டளையைக் கொடுத்துவிட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆத்தூர், சேகோ ஆலை: பழைய ஸ்கிரிப்டே ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு மாற்றவேண்டும்?

ஓடுவதற்குக் காரணம், இனிட்.டி ஃபோல்டரில் கிடக்கும் பழைய ஸ்கிரிப்டுக்கு சிஸ்டம்டியே ஒரு யூனிட் போர்த்திக் கொடுப்பதுதான். அந்த ஒத்தாசையைக் கைவிடுவதாக சிஸ்டம்டியை எழுதுபவர்கள் அறிவித்துவிட்டார்கள். மாற்றும்போது பெயரில் கவனம். புது யூனிட்டுக்கும் பழைய ஸ்கிரிப்டுக்கும் ஒரே பெயரென்றால் புதியதுதான் ஓடும். பெயர் வேறானால், பழையதை டிசேபிள் செய்யாதவரை (தானாகத் தொடங்காதபடி நிறுத்தாதவரை) இரண்டும் ஓடும். ஒரு நூல் கடையில் நான் இப்படி விட்டுவிட்டேன். மறுநாள் ஒவ்வொரு பில்லும் இரண்டு முறை பிரிண்ட் ஆனது. நான் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர் பிரிண்டரை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்.