தம்பியை 'ஆன்டிசோஷியல்' என்று சொல்லாதீர்கள்

தம்பி 8 மாதமாக அறையை விட்டு வருவதில்லை, யாரோடும் பேச்சில்லை, 'ஆன்டிசோஷியல்' ஆகிவிட்டானோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தச் சொல்லை விடுங்கள். மருத்துவத்தில் அதற்கு அர்த்தமே வேறு: அடுத்தவர் உரிமையை மிதிப்பது, ஓயாத பொய், ஏமாற்று, வன்முறை, செய்ததற்கு வருத்தமே இல்லாதது. 18 வயதுக்கு முன் யாருக்கும் அந்த நோய்ப் பெயரை வைக்கவும் மாட்டார்கள்.

எல்லாரும் தூங்கிய பிறகு வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்களை வெறுப்பவன் செய்கிற வேலையா அது? மனச்சோர்வு, ஆட்களைப் பார்க்கவே பயம், எங்கோ பட்ட அவமானம், எதுவாகவும் இருக்கலாம். 6 மாதத்துக்கு மேல் இப்படி வீட்டுக்குள் முடங்குவதற்கு ஜப்பானில் ஹிகிகோமோரி என்றே பெயர் உண்டு.

நானும் ஒரு வருஷம் முடங்கிக் கிடந்தவன். ஏன் ஏன் என்று கேட்கக் கேட்கத் தாழ்ப்பாள்தான் இறுகியது. அக்கா மட்டும் எதையும் கேட்காமல், கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவாள். அப்படி ஆரம்பியுங்கள். அவன் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் மட்டுமாவது மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.