நேர்ச்சை நிலைக்காதபோது என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் மெழுகுவத்தி ஏற்றி, இனி நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) எடுக்கமாட்டேன் என்று நேர்ந்துகொள்கிறேன். அது இரண்டு மாதம்கூட நிலைப்பதில்லை. கனவில் ஓர் எண் வந்தாலோ, விபத்தில் சிக்கிய காரின் எண்ணைப் பார்த்தாலோ மனம் அலைபாய்கிறது. பரிசு விழுந்தால் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொடுப்பதாகச் செபித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். மனைவிக்குத் தெரியாமல் கடனும் சேர்ந்துவிட்டது. என் விசுவாசம் பொய்யா? மீள வழி என்ன?

பதில்: உங்கள் விசுவாசம் பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் நேர்ச்சை முறிந்ததற்காக நீங்கள் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டீர்கள். சோதிக்கப்படுவது பாவமன்று, நம்மைப்போலவே எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டும் பாவம் செய்யாதவர் என்று ஆண்டவர் இயேசுவைப் பற்றியே எபிரேயர் திருமுகம் (4:15) சொல்கிறது. கனவில் கண்ட எண் மனத்தில் ஓடுவதற்கும் அதற்காகப் பணத்தை எடுத்து நீட்டுவதற்கும் இடையே உள்ள தூரத்தை யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் விளக்குகிறார்: தீய நாட்டம் முதலில் கவர்ந்து இழுக்கிறது, பிறகு கருக்கொள்கிறது, அதன் பின்னரே பாவத்தைப் பெற்றெடுக்கிறது. உங்கள் நேர்ச்சையோ இந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில், நம்பர் கடையின் வாசலில், உங்களைத் தடுக்கப் பார்க்கிறது. அதற்குள் எண்ணைத் தேர்ந்தாயிற்று, பணத்தை ஒதுக்கியாயிற்று, விழாத பரிசுக்குச் செலவுக் கணக்கும் போட்டாயிற்று. அந்த நேரத்தில் மன உறுதியை மட்டும் நம்புவது பயன் தராது.

ஆகவே போராட்டத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லொயோலா புனித இஞ்ஞாசியார் கற்பித்த அன்றாட ஆன்மச் சோதனை இதற்கு மிகவும் பொருத்தமானது. இரவில் கால் மணி நேரம் அமர்ந்து, அன்றைய நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லி, தூய ஆவியின் ஒளியைக் கேட்டு, நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கான ஒரேயொரு தீர்மானத்தை எடுங்கள். எண் எப்போது மனத்தில் நுழைந்தது, அப்போது சோர்வாக இருந்தீர்களா, கடன்காரரின் அழைப்பு வந்திருந்ததா, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது நம்பர் போட்டிருந்தார்களா என்பதைக் குறித்து வையுங்கள். குலுக்கல் நாள்கள் புதன், சனி, ஞாயிறு என்று தெரிந்தவையே என்பதால், அவற்றுக்கு முந்தைய இரவுகளில் கூடுதல் கவனம் தேவை. குழுவிலிருந்து விலகுவதையும், கடை இருக்கும் சாலையைத் தவிர்த்து வீடு திரும்புவதையும் கோழைத்தனமாகக் கருத வேண்டாம். போத்திபாரின் மனைவி பற்றிப் பிடித்தபோது யோசேப்பு நின்று வாதிடவில்லை; மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார் (தொடக்கநூல் 39).

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, கடனைக் காட்டிலும், ஆலயத்துக்குப் பங்கு தருவதாகச் சொல்லும் அந்தச் செபம்தான். மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் சாத்தான் இயேசுவைக் கோவிலின் உச்சிக்கு அழைத்துச் சென்று, கீழே குதிக்கச் சொல்லும்போது, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் திருப்பாடலின் வாக்கைத்தான் துணைக்குக் கொண்டுவருகிறான். நடந்த இடம் கோவில், சொன்ன வார்த்தை இறைவாக்கு, ஆனாலும் அது சோதனை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்ற இணைச்சட்ட நூலின் வாக்கால் (6:16) இயேசு அதை மறுத்தார். ஓர் எண்ணின் மீது பணத்தை வைத்துவிட்டு அதை விழச் செய்யும்படி அன்னாளின் பரிந்துரையைக் கேட்பதும் இதே குதிப்புதான். பக்தி இங்கே குற்ற உணர்வை மூடும் போர்வையாகிவிடுகிறது. நன்மையின் தோற்றத்தில் வரும் சோதனையே பக்தர்களை எளிதில் ஏமாற்றும் என்று இஞ்ஞாசியாரும் எச்சரிக்கிறார். இந்தச் செபத்தை இன்றே நிறுத்துங்கள். எண் நினைவுக்கு வரும் நொடியில், "ஆண்டவரே, எனக்கு இப்போது ஆசை எழுகிறது, துணை நில்லும்" என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.

பரிசு விளையாட்டுகள் தம்மிலேயே நீதிக்கு எதிரானவை அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) கூறுகிறது. ஆனால் தனக்கும் பிறருக்கும் வேண்டிய அடிப்படைத் தேவைகளைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. குடும்பம் அறியாத கடன் அந்த எல்லையைத் தாண்டியதற்குச் சான்று. கடனைத் தீர்க்க நம்பரை நம்புவதும் வீண்: 0000 முதல் 9999 வரையுள்ள 10,000 எண்களில் ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23 மட்டுமே.

இனி மனைவியைப் பற்றி. தீய ஆவி கள்ளக் காதலனைப் போன்றது, தன் பேச்சு வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் முதல் விருப்பம் என்கிறார் இஞ்ஞாசியார். ஆகையால் ஒப்புரவு அருட்சாதனத்தில் முதலில் அருள்தந்தையிடம் முழுமையாகச் சொல்லுங்கள். பின்னர் அதே வாரத்தில் மனைவியிடம், கடன் தொகையைக் குறைக்காமல், சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், அதைத் தாங்குவதும் மனமாற்றத்தின் பகுதிதான். மீண்டும் தவறினால், அன்றிரவே "இது எனக்கு ஆகாது" என்ற முடிவுக்கு வராதீர்கள். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பதும் இஞ்ஞாசியாருடைய விதிகளுள் ஒன்று. தன்னடக்கத்தைப் பவுல் தூய ஆவியின் கனிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறார் (கலாத்தியர் 5:23). அது வளர்வதற்கு நற்கருணையும் இறைவார்த்தையும் காலமும் வேண்டும்.

வங்கிக் கடன் என்றால், மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை மனைவியோடு சென்று பாருங்கள். கட்டணமின்றித் தவணைகளைச் சீரமைக்க உதவுவார்கள். ஆலோங்கிடம் (உரிமமற்ற வட்டிக்காரரிடம்) வாங்கியிருந்தால் அதை அடைக்க இன்னோர் ஆலோங்கை நாட வேண்டாம். நம்பகமான உறவினர் ஒருவரிடமோ பங்குத்தந்தையிடமோ உடனே சொல்லுங்கள். கடன் தீரும் வரை சம்பளக் கணக்கின் அட்டை மனைவியிடமே இருக்கட்டும்.