தூக்கம் வரவில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மலேசியாவுக்குப் புதிதாக வந்து, இங்கே கூலிமில் வீட்டு வாடகை எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் வேலை கிடைக்கும், இரவில் கனவு கண்டு அலறி எழும்புவதற்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் வேலையையும் ஒட்டுக்கடையில் விசாரித்தாலே சொல்லிவிடுவார்கள். எனக்குக் கவலை அந்தக் கடைசிக் கேள்விதான்.

நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். குடித்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், மூன்று மணிக்கு அதே கனவு இன்னும் மோசமாக வரும். என்னோடு வந்த இரண்டு பேர் அப்படித்தான் அழிந்துபோனார்கள்.

நான் இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து 2010இல் வந்தேன். தோட்டத்தில் முதல் வாரம், எனக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஒன்று தொம்மென்று விழுந்தது. அடுத்த நொடி காதைப் பொத்திக்கொண்டு தண்ணி ஓடுகிற கானுக்குள் குப்புறக் கிடக்கிறேன். கூட உதிரிப்பழம் பொறுக்கிய அம்மா, இங்கேயே பிறந்தவர், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் குந்தி, போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கையில் திணித்து, "பசியாறினியாய்யா?" என்றார். நம்மூர்க்காரர்களோ, "எல்லாரும்தான் செல்லடிக்குள்ளால வந்தனாங்கள், உனக்கு மட்டும் என்ன?" என்றார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆபத்து போய்விட்டது என்று உடம்புக்கு இன்னும் தெரியாது தம்பி, அதுதான் விஷயம். முறையாகப் படித்த ஆலோசகரிடம் பேசப் பேசக் குறையும். எனக்குக் குறைந்தது, இன்று மலாயில் பேரம் பேசி என் வண்டியை நானே ஓட்டிப் பிழைக்கிறேன்.

ஒன்று மட்டும். மொழிபெயர்க்க ஊர்க்காரரைக் கூட்டிப் போகாதீர்கள். நான் போனேன்; அறைக்குள் அழுதது அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் வாசலில் பேச்சாகிவிட்டது. தமிழ் தெரிந்தவர் வேண்டும், அல்லது உங்கள் மொழிபெயர்ப்பாளரையே வையுங்கள் என்று கிளினிக்காரர்களிடமே கேளுங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2018இல் பினாங்கின் பட்டர்வொர்த்தில் அகதிகளுக்காக கிளினிக் திறந்தது, மனநல ஆலோசனையும் உண்டு. போன் செய்துவிட்டுப் போங்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பு தருகிற யூ.என். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிதான். ஆனால் மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, அட்டை இருந்தாலும் வேலை செய்யச் சட்டப்படி உரிமை இல்லை. எப்போது பிடிப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, இதையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போது சுங்கைப் பட்டாணியில் மகளோடு இருக்கிறார். தீபாவளிக்கு முதல்நாள் பொழுது சாயும்போதே போன் வந்துவிடும்: "அய்யா, வெடி போடப் போறானுங்க, உள்ள போய் உக்காரு."