மே/பா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். அவன் வகுப்பில் ஒரு பெண்குழந்தை, இரண்டு ஊர் தள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கும் மோட்டலில் அம்மாவோடு தங்கியிருக்கிறாள். பள்ளி நிர்வாகமே வேன் அனுப்பி அவளை அழைத்துவருகிறது. சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்தில் இது பெரிய சண்டையாகிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளரை நியமிக்க வேண்டும் என்றார் ஒருவர். நாங்கள் இந்த ஊரில் வீடு வாங்கியதே பள்ளிக்காகத்தான். ஆண்டுக்குப் பதினோராயிரம் டாலர் சொத்து வரி கட்டுகிறோம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதுதானே நியாயம்? இப்படிக் கேட்டதற்கு என் கணவர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்.

வாட்ஸாப்பில் வந்த படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். மகளின் தேர்வு மதிப்பெண்ணைத் திருத்த 15,000 டாலர் கொடுத்த நடிகைக்கு 14 நாள் சிறை. தவறான முகவரி கொடுத்து மகனைப் பள்ளியில் சேர்த்த வீடற்ற கறுப்பினத் தாய்க்கு 5 ஆண்டுச் சிறை. இதில் நிறவெறி எவ்வளவு, முதலாளித்துவம் எவ்வளவு?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பழைய தகரப்பெட்டியைக் காலிசெய்துகொண்டிருந்தேன். அடியில் அப்பா அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தது. எல்லாவற்றிலும் முகவரியின் முதல் வரியில் அம்மாவின் பெயர். இரண்டாம் வரி ‘மே/பா’ (மேல்பார்வை, அதாவது இன்னார் வீட்டில் இருப்பவர்) என்று தொடங்கிப் பெரியப்பாவின் பெயர். அந்த இரண்டு எழுத்துகளையும் நடுவில் இருந்த கோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்த நாட்களில் நீங்கள் முகவரியைப் பற்றி எழுதியதால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக் நகரில் 2011 ஏப்ரலில் அந்தத் தாய் கைதானது உண்மை. ஐந்து வயது மகனைப் பாலர் வகுப்பில் சேர்க்கும்போது, அவனைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் முகவரியை அவர் கொடுத்தார். அதற்காக, அவன் பெற்ற கல்வியின் விலை 15,686 டாலர் என்று கணக்கிட்டுத் திருட்டு வழக்குப் போட்டார்கள். முகவரி கொடுத்து உதவிய பெண், தான் இருந்த அரசுக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். இவ்வளவும் நடந்தவை. ஆனால் 2012-இல் விதிக்கப்பட்ட ஐந்தாண்டுச் சிறை, இடையில் அந்தத் தாய்மீது வந்த போதைப்பொருள் விற்பனை வழக்கையும் சேர்த்து முடித்தபோது வந்த தண்டனை. உங்கள் படத்தில் அது இல்லை. அதை மறைத்து நடிகையின் பதினான்கு நாளோடு ஒட்டவைத்தால் சீக்கிரம் கண்ணீர் வரும், அடுத்த படம் வந்ததும் காய்ந்தும்விடும். ஒரு குழந்தை எழுத்துப் படித்ததற்கு விலைப்பட்டியல் தயாரித்து, அதைத் திருட்டு என்று ஓர் அரசு வழக்கறிஞர் எழுதினார் என்ற ஒரு செய்தியே உங்களைத் தூங்கவிடாமல் செய்யப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் ஏன் மசாலா தேவைப்பட்டது? நிறவெறியையும் முதலாளித்துவத்தையும் தனித்தனியாக நிறுத்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. உங்கள் நண்பர்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்த வழக்கில் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. நார்வாக்கையும், அந்தத் தாயின் கடைசி முகவரி என்று அதிகாரிகள் சொன்ன பிரிட்ஜ்போர்ட்டையும் உள்ளடக்கிய தொகுதியிலிருந்து 1971 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர் ஸ்டூவர்ட் மெக்கின்னி. குடியரசுக் கட்சிக்காரர். 1987 மார்ச்சில், ஏற்கெனவே நோயுற்றிருந்த நிலையில், வீடற்றவர்களுக்கான சட்டம் ஒன்றைக் கோரி வாஷிங்டன் குளிரில் வேறு சிலரோடு ஓர் இரவு தெருவில் படுத்தார். மே மாதம் இறந்துபோனார். ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதில் பாடுபட்ட மினசோட்டாவின் புரூஸ் வென்டோவும் 2000-இல் இறந்தபின் அவர் பெயரும் சேர்ந்து, இன்று அது மெக்கின்னி–வென்டோ சட்டம். உங்கள் பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் திட்டிய வேன், இந்தச் சட்டத்தின் வேன்தான்.

இந்தச் சட்டப்படி, வீடிழந்த குழந்தை தான் படித்துக்கொண்டிருந்த பள்ளியிலேயே தொடரலாம். வேறு ஊருக்குப் போய்விட்டால் போக்குவரத்துக்கு இரண்டு ஊர் நிர்வாகங்களும் பொறுப்பு. புதிய பள்ளியில் சேர்வதானால் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பழைய பள்ளியின் ஆவணங்கள், தடுப்பூசி அட்டை எதுவும் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிமை உண்டா இல்லையா என்று தகராறு வந்தால், அது முடியும்வரை குழந்தை வகுப்பில்தான் இருக்க வேண்டும், வாசலில் அல்ல. இந்த வேலைகளுக்கென்றே ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் இருந்தாக வேண்டும். ஆக, அந்த வேன் உங்கள் பள்ளிக்கு வருகிறது என்றால், அந்தச் சிறுமி அநேகமாக உங்கள் ஊரில் குடியிருந்தபோதே அந்தப் பள்ளியில் படித்தவள். வெளியூர்ப் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அம்மாவும் உங்கள் ஊரில் வாடகை கொடுத்திருப்பார். வீட்டுக்காரர் தன் சொத்து வரியை அந்த வாடகையில் வைத்துத்தான் வசூலித்திருப்பார். ரசீது மட்டும் அவர் பெயரில் இருந்திருக்காது.

வரி விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. அமெரிக்காவிலேயே சொத்து வரி மிகுந்த மாநிலம் உங்களுடையது. சட்டத்தை எழுதிய மத்திய அரசு, இந்தப் பிள்ளைகளின் கல்விக்கென்று 2023 நிதியாண்டில் ஒதுக்கியது 12.9 கோடி டாலர். 2021–22 கல்வியாண்டில் பள்ளிகளில் கணக்கிடப்பட்ட வீடற்ற பிள்ளைகள் 12 இலட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 110 டாலர்கூடத் தேறாது. மீதியை ஊர் நிர்வாகம்தான் சுமக்கிறது; அதனால்தான் வேனைக் கண்டால் அவர்களுக்கும் கசக்கிறது. சொத்து வரியை நம்பிப் பள்ளியை நடத்தினால் பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி என்று ஆகிறதே என்று டெக்சாஸ் பெற்றோர் போட்ட வழக்கை 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அன்று எழுந்த மதிலுக்கு உள்பக்கத்தில் நீங்கள் வீடு வாங்கியிருக்கிறீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் வாங்கியிருப்பேன். அந்த ஊரில் வசிப்பவர்களுக்கே அந்த ஊர்ப் பள்ளி என்ற விதியையும் நான் எதிர்க்கவில்லை. 1983-இல் அதே நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. வசிப்பது என்றால் என்ன என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

மெக்கின்னி–வென்டோ சட்டம் வீடற்ற குழந்தையை வரையறுக்க மூன்று சொற்களை வைத்திருக்கிறது. நிலையான, முறையான, போதுமான இராத் தங்குமிடம் இல்லாத குழந்தை. ‘இரா’ என்று போட்டார்களே, அந்த இடத்தில் சட்டம் எழுதியவனைக் கும்பிடத் தோன்றுகிறது. பகலில் ஒரு குழந்தை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வீடு என்பது இரவில் தெரிந்துவிடும். காரில் தூங்குபவர்கள், பேருந்து நிலையத்தில் தூங்குபவர்கள், மோட்டலில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் வருகிறார்கள். அவர்களோடு, வீட்டை இழந்தோ பணமுடையாலோ பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் வருகிறார்கள். நான் சொன்ன 12 இலட்சத்தில் நான்கில் மூன்று பங்கினர் இப்படி ஒண்டியிருப்பவர்கள்தான். அதே நாட்டின் வீட்டுவசதித் துறை சனவரியில் ஓர் இரவு தெருவிலும் காப்பகத்திலும் தலையெண்ணும்போது இவர்களைச் சேர்ப்பதில்லை. ஒரே குழந்தை ஓர் அலுவலகத்தில் வீடற்றவள், இன்னோர் அலுவலகத்தில் வீடுள்ளவள்.

நமக்கு இது உறைக்காது. ஒண்டிக்கொள்வது நம்மிடம் உறவுமுறையின் பகுதி. அதை வீடற்ற நிலை என்று யாராவது சொன்னால் பெரியப்பா வீட்டு வாசலில் நின்று சண்டைக்கு வருவோம். நானும் ஐம்பது ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1973-இல் திண்டுக்கல்லில் அப்பாவின் பூட்டுப் பட்டறை நொடித்தது. அவர் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படச் சாலைக்குக் கூலிக்குப் போனார். அம்மாவும் நானும் தங்கையும் மதுரையில் பெரியப்பா வீட்டுக்கு வந்தோம். கீழே மளிகைக்கடை, பின்னால் வீடு, முன்னால் திண்ணை. பெரியம்மா கெட்டவள் இல்லை. ஒருநாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் அம்மா பெரியம்மாவுக்கு முன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். மூன்று ஆண்டுகளில் அந்த வீட்டு ஊஞ்சலில் அம்மா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தால் பெரியப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்கட்டிலிருந்து வருவதற்குள், பெரியப்பா வாங்கி மேசைமேல் வைத்திருப்பார். எண்ணிப் பார்த்துக் கொடுத்துவிடுவார், ஒரு ரூபாய் குறையாது. இருந்தாலும் அந்தப் பத்தடியை நடக்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்றும் தெரியும். நாங்கள் மூன்று பேரும் ‘மே/பா’வில் வாழ்ந்தோம்.

பழைய பள்ளியில் ஸ்பெஷல் ஃபீஸ் பாக்கி. அதைக் கட்டாமல் மாற்றுச் சான்றிதழ் தர முடியாது என்றுவிட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் மதுரையில் இரண்டு பள்ளிகளில் சேர்க்கவில்லை. ஆடி முடியும்வரை கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தேன். பின்பு மூன்றாவதாக ஒரு பள்ளிக்கு அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ராத்திரி எங்கடா படுக்கிற?”

“பெரியப்பா வீட்டுத் திண்ணையில, சார்.”

“மழை பேஞ்சா?”

“கடைக்குள்ள, சார். மூட்டைக்கு மேல.”

அவர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். முகவரிக் கட்டத்தில் பெரியப்பா வீட்டு எண்ணை எழுதினார். சான்றிதழ் வரும்போது வரட்டும் என்றார். சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று நம் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது 2009-இல்; அவர் 1973-இலேயே தன் பேனாவால் அதை அமல்படுத்திவிட்டார். அந்த இரண்டு கேள்விகளை ஏன் கேட்டார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் மூன்று சொற்களைப் படித்தபோதுதான் புரிந்தது. திண்ணை நிலையானதா? மழை வராதவரை. முறையானதா? சரக்கு வந்திறங்கும் இரவுகளில் இல்லை. போதுமானதா என்பதை என் தங்கையிடம் கேட்க வேண்டும். அவளும் அம்மாவும் அரிசிக் குதிருக்கும் சுவருக்கும் இடையில் படுத்தார்கள். அந்தப் பதிவேட்டில் இருந்தது உண்மையான முகவரியா, பொய்யா? துப்பறிவாளரை வைத்துப் பார்த்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்?

நார்வாக் தாய் சொன்னது என்னவென்றால், சில இரவு தன் வேனில், சில இரவு நார்வாக் காப்பகத்தில், சில இரவு பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு நண்பர் வீட்டில். அதிகாரிகள் பிடித்துக்கொண்டது பிரிட்ஜ்போர்ட்டை. அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்று நானும் நீங்களும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் வீடற்ற பிள்ளைகளைத் தேடிக் கண்டறியும் கடமையைச் சட்டம் பள்ளி நிர்வாகத்தின்மீது வைத்திருக்கிறது, பெற்றோர்மீது வைக்கவில்லை. சேர்க்கை மேசையில் யாராவது ஒருவர், பையன் இரவில் எங்கே தூங்குகிறான் என்று கேட்டிருந்தால், அவர் பொய் முகவரி தேடிப் போயிருக்கவே வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்காத நிர்வாகம், முகவரி யாருடையது என்பதை மட்டும் துல்லியமாகக் கண்டுபிடித்தது. உங்கள் கூட்டத்தில் துப்பறிவாளர் வேண்டும் என்றவரிடம் இதைச் சொல்லுங்கள். காரைப் பின்தொடர ஆளுக்குக் கொடுக்கும் காசில் அந்தத் தொடர்பு அலுவலருக்கு ஓர் உதவியாளரை வைக்கலாம். பல ஊர்களில் அந்தப் பொறுப்பை, வேறு நான்கு வேலைகள் பார்க்கும் ஒருவர் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் கல்நெஞ்சக்காரி இல்லை. கல்நெஞ்சக்காரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டாள், துப்பறிவாளருக்குக் கைதூக்கியிருப்பாள். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இரக்கப்படுவதாகச் சொல்லிக்கொள்கிற அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்தாரா என்றும் கேளுங்கள்.

ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் கல்வி உரிமைகளைச் சொல்லும் அறிவிப்பை, அவர்களுடைய பெற்றோர் வந்துபோகும் இடங்களில், பள்ளி, காப்பகம், நூலகம், இலவசச் சாப்பாடு போடும் இடம் போன்றவற்றில், அவர்களுக்குப் புரியும் மொழியில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை மோட்டல்களில் கணிசமானவற்றை நடத்துபவர்கள் நம் குஜராத்திக்காரர்கள். நீங்கள் போய்ப் பேச்சுக்கொடுப்பது கடினமாக இருக்காது. அந்த மோட்டலின் வரவேற்பு மேசைப் பக்கம் அப்படியொரு தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தொடர்பு அலுவலரின் பெயரைக் கண்டுபிடித்து, அவரிடமே ஒரு தாள் வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது மகனையும் அழைத்துப்போக வேண்டாம். வகுப்புத் தோழன் தன்னை அங்கே பார்த்துவிட்டான் என்பதை அந்தச் சிறுமி மறுநாள் வேனில் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கும்.