படிக்கிற சோலியைக் கெடுக்குமா கல்லூரிப் பத்திரிகை?

வீரவநல்லூரிலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்கு வந்து பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் மாணவர்களே நடத்தும் மாதப் பத்திரிகைக்கு ஆள் எடுக்கிறார்களாம். "சேர ஆசைதான். ஆனால் நான் பத்திரிகை வேலைக்குப் போகப்போவதில்லை. அப்பா, 'படிக்கிற சோலியைப் பாரு' என்கிறார். பள்ளியில் தமிழ் வழி, இங்கிலீஷ் சுமார்தான். சேர்ந்தால் எனக்கு என்ன பயன்?" என்று கேட்கிறார்.

சேருங்கள். நாளிதழில் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன். எழுத்து பழகும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். அதைவிடப் பெரிய லாபம், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நின்று கேள்வி கேட்கவும், அவர் சொன்னதைச் சரிபார்க்கவும் பழகுவது. வகுப்பறையில் இதற்கு வாய்ப்பு குறைவு.

ஓர் உதாரணம். சாயங்காலம் ஜங்ஷன் போகும் பஸ்கள் உங்கள் கல்லூரி நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். "பஸ்ஸே நிற்பதில்லை" என்று எழுதினால் அது புலம்பல். ஒரு வாரம் 4 மணியிலிருந்து 5 மணி வரை நோட்டோடு நில்லுங்கள். எத்தனை வந்தது, எது நின்றது, எது நிற்காமல் போனது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு டிரைவர்கள், இரண்டு கண்டக்டர்களிடம் காரணம் கேளுங்கள். நிறுத்தத்தை விட்டு மாணவர்கள் ரோட்டுக்கு இறங்கி நிற்பதால் பஸ்ஸை ஓரம் கட்ட முடியவில்லை என்று அவர்கள் சொல்லலாம். நீங்கள் நினைத்துவைத்திருந்த செய்தி அங்கேயே மாறிவிடும். கடைசியாக டெப்போவுக்குப் போய்க் கிளை மேலாளரைப் பாருங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிடவும் செய்யலாம். மறுபடி போய் அந்த நோட்டை விரித்துக் காட்டினால் உட்காரச் சொல்வார். இதையெல்லாம் 250 வார்த்தையில் எழுதி முடிக்க வேண்டும். இதை ஒரு தடவை செய்தவருக்குத் தாலுகா ஆபீஸும் வேலைக்கான நேர்காணலும் பெரிய பயமாக இருக்காது.

சரிபார்ப்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். மாணவனாக எழுதிய முதல் விளையாட்டு விழாச் செய்தியில் ஓட்டத்தில் ஜெயித்த பையனின் இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டேன். நம் பக்கம் ஒரு வகுப்பில் மூன்று இசக்கிமுத்து இருப்பார்கள் இல்லையா, இனிஷியல் மாறினால் ஆளே மாறிவிடும். ஜெயித்தவனின் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி வைக்க ஆசைப்பட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு வந்த பழக்கம்தான், பேட்டி முடிந்ததும் பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவது. இன்றுவரை விட்டதில்லை.

படிப்பு கெடுமா என்ற அப்பாவின் பயம் நியாயமானது. உங்கள் பாடத்தையே செய்தியாக்கினால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை சுமார் 128 கி.மீ. ஓடுகிற தாமிரபரணி அழுக்காகிறது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் மீனுக்கு என்ன ஆகும், கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா இருக்கிறது என்றால் ஆற்றில் என்ன கலக்கிறது என்பதையெல்லாம் படித்துறையில் துணி துவைக்கிற ஆச்சிக்கும் புரியும்படி எழுத வேதியியல் தெரிந்தவர் வேண்டும். அப்படி எழுத உட்கார்ந்தால் பாடம் முதலில் உங்களுக்குத் தெளிவாகிவிடும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வு போல விரித்து எழுதும் தேர்வுகளுக்கும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

இங்கிலீஷை நினைத்துத் தயங்க வேண்டாம். கல்லூரி அலுவலகத்தின் இங்கிலீஷ் சுற்றறிக்கைகளைத் தமிழில் போடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நெல்லையில் பள்ளிப் படிப்புப் படித்த பாரதியும் 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் வேலையைத்தான் நிறையச் செய்தார். வாரம் ஒரு சுற்றறிக்கை போதும், வருடக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

நேரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு செய்தி, இன்டர்னல் தேர்வு வாரத்தில் ஒன்றும் கிடையாது. இதைப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கும் மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வந்துபோகும் நேரத்தில் முதல் வடிவத்தை எழுதிவிடலாம்.

சேருமுன் பழைய இதழ்கள் மூன்றைப் புரட்டிப் பாருங்கள். பக்கமெல்லாம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சேர்ந்த பிறகும் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கொடுத்ததை யாராவது அடித்துத் திருத்தி, ஏன் என்று சொல்லித் திருப்பித் தருகிறார்களா? தந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு வரிகூடத் திருத்தாமல் அச்சேற்றினால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, தயங்காமல் விலகிவிடலாம்.

முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நாளையிலிருந்தே அந்தப் பஸ் கணக்கை எடுக்க ஆரம்பித்து, ஒரு வார நோட்டோடு போய் உட்காருங்கள்.