வாடை எங்கிருந்து வந்தது?

கேள்வி: இணையத்தில் பீர் தயாரிக்கும் பெட்டி வாங்கினேன். ஊறியது வெண்ணெய் வாடை அடிக்கிறது. திருப்பித் தரலாமா? (ஓசூர்)

பதில்: உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி குற்றம். கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் தருமபுரிக்காரன், மெல்பேர்னில் வசிக்கிறேன். இங்கே வீட்டு பீருக்குத் தடையில்லை. மூன்று முறையும் மருந்து வாடை. ஈஸ்ட் விற்ற கடை ஏமாற்றிவிட்டதா? (மெல்பேர்ன்)

பதில்: கடைக்காரரைக் குறை சொல்லுமுன் குழாயைப் பாருங்கள். நீரிலுள்ள குளோரின், மால்ட்டிலுள்ள (முளைகட்டிய தானியம்) பீனால் என்ற வேதிப்பொருட்களோடு சேர்ந்தால் மருத்துவமனை வாடை பிறக்கும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீரைக் கொதிக்கவைப்பதும் போதாது. இவற்றை முறிக்க, இருபது லிட்டருக்குக் கால் மாத்திரை பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடுங்கள். பிளீச்சிங் போட்டுக் கழுவியிருந்தால் நன்றாக அலசுங்கள். அதன் பிறகும் வாடை இருந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியை மாற்றுங்கள். கீறலில் கிருமி ஒளிந்துகொள்ளும், கழுவினாலும் போகாது.

பாத்திரம் எவ்வளவு முக்கியம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று, கூழுக்கு மாவு கரைத்து வைக்க நீல டிரம் ஒன்று வாங்கினேன். முன்பு ஊறுகாய் இருந்த டிரம். வெந்நீர், சோடா உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டும் வாடை போகவில்லை. இரண்டு முறை கூழைக் கொட்டினேன். பழைய பிளாஸ்டிக்கை மூக்கால் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: தள்ளுபடியில் பத்து கிலோ கேழ்வரகு மாவு வாங்கினேன். ரசீது வாங்கவில்லை, தேதியும் பார்க்கவில்லை. கூழ் கசக்கிறது. (பாலக்கோடு)

பதில்: பார்க்க வேண்டியதை ஒன்றுகூடப் பார்க்கவில்லையே! அரைத்த மாவிலுள்ள கொழுப்பு நாளானால் சிக்கு வாடை பிடித்துக் கசக்கும். இனி முழுத் தானியமாக வாங்கி, வேண்டியபோது அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இட்லி மாவுப் பொட்டலத்தில் பழைய தேதியின் மேல் புதிய தேதி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து உரித்தபோதுதான் தெரிந்தது. மாவு நாறியது. கடைக்காரர், "உங்கள் ஃபிரிட்ஜ் சரியில்லை" என்று விரட்டினார். நான் வயதானவள், தனியாக இருக்கிறேன். (காரிமங்கலம்)

பதில்: அம்மா, உங்கள் மீது தவறே இல்லை. தேதியின் மேல் தேதி ஒட்டுவது என்னைப் பல ஆண்டுகளாகக் கொதிக்கவைக்கிற விஷயம். மாவு புளிப்பது இயல்பு. எத்தனை நாள் புளித்தது என்பதை மறைப்பது திருட்டு. ஃபிரிட்ஜைக் குறை சொல்லி ஒரு மூதாட்டியை விரட்டுவது அதைவிடக் கேவலம். பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். இரண்டு தேதிகளும் தெரியும்படி யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். ரசீது இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். எழுதத் துணை வேண்டுமென்றால் மறுபடி கடிதம் போடுங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.