பாஸ்போலிபேஸ் செயல் இல்லை, ஆனால் தசை அழிகிறதே?

மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாத்ராப்ஸ் ஆஸ்பர் என்ற விரியன் வகைப் பாம்பின் விஷத்திலிருந்து நீங்கள் பிரித்த புரதம் பாஸ்போலிபேஸ் (சவ்வுக் கொழுப்பை வெட்டும் நொதி) சோதனையில் ஒன்றும் காட்டாமல், சுண்டெலியின் இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸை (தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும் நொதி) மட்டும் ஏற்றுகிறது என்றால், பெரும்பாலும் அது மயோடாக்சின் 2 என்ற தசை நச்சுதான்.

அதில் 49ஆம் இடத்தில் ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லைசீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கால்சியத்தைப் பிடிக்க முடியாது, அதனால் கொழுப்பை வெட்டாது. ஆனாலும் நேர்மின்னூட்டம் மிகுந்த தன் சி-முனைப் பகுதியால் (புரதச் சங்கிலியின் கடைசிப் பகுதி) தசைச் செல்லின் சவ்வைக் குலைத்துவிடும். வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்ந்து நார் சுருண்டு சாகும். நொதியாகவே இல்லாமல் இவ்வளவு சேதம் செய்வது உண்மையிலேயே ஆச்சரியம்!

சரி, உறுதிசெய்ய: புரதத்தை, அந்த நேர்மின்னூட்டப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும் எதிர்மின்னூட்ட ஹெப்பாரினோடு கலந்து வைத்துவிட்டு, சுண்டெலிக்கு ஊசி போடுங்கள். கைனேஸ் ஏறுவது நன்றாகக் குறைய வேண்டும். இரத்தத்தை 3 மணி நேரத்தில் எடுங்கள், மறுநாள் என்றால் உச்சம் தாண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊசி போட்ட இடத்தில் இரத்தக்கசிவு தெரிந்தால் மெட்டல்லோபுரோட்டினேஸ் (இரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைக்கும் விஷ நொதி) கலந்திருக்கலாம். இரத்தக்குழாய் சிதைந்தாலும் தசை சாகும், அப்போது இந்த முடிவு செல்லாது.